மற்றவை

நிறுவனம் கேட்கிறது: ஒரே பக்கம், படர்க்கையில்,
ஆறு மணிக்குள்.
"பிரிசில்லா. முதுநிலைப் பொறியாளர், ஆலோசனைப் பிரிவு.
பதினாறு ஆண்டு அனுபவம். இவர்..."
என்னை நானே இவர் என்று எழுதும்போதெல்லாம்
யாரோ ஒருத்தியின் ஜாதகத்தைத்
தரகரிடம் கொடுப்பது மாதிரி இருக்கிறது.

தங்கச்சிமடத்தில் மின்சாரம் மூன்று தடவை போய் வந்தது.
சிக்னலுக்காக மாடிப்படியில், ஏழாம் படியில்.
இங்கிருந்து வடகடல் ஒரு கீற்று தெரியும்.
தடைக்காலம். விசைப்படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு
சும்மா நிற்கின்றன.

"பழைய அமைப்புகளைப் புதிய தளத்துக்கு மாற்றினார்."
மாற்றிய இரவில் பதினோராயிரம் பேரின் பிறந்தநாள்
ஜனவரி ஒன்று ஆகிவிட்டது. அதை எழுதவில்லை.
"பெரிய அணிகளை வழிநடத்தினார்."
ஒரு தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை
ஒன்பது பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு
வேலை இல்லை என்றேன்.
கடைசிப் பையன் தேங்க்ஸ் மேடம் என்றான்.
அதுவும் இல்லை.
ஏழு மாதம் பெஞ்சில் கிடந்தது
"உள்ளகப் பயிற்சி" ஆயிற்று.
என் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை போடுகிறார்கள் என்பதைத்
தவறி வந்த மின்னஞ்சல் ஒன்றில்தான் பார்த்தேன்.
ஏலக்கூடத்தில் மீனுக்கு இந்தக் கஷ்டமில்லை,
அதன் காதுபடத்தான் கூவுவார்கள்.

பொய் என்று ஒன்றும் எழுதவில்லை.
வலையில் நூல் கொஞ்சம், ஓட்டைதான் அதிகம்.
அதையும் வலை என்றுதானே சொல்கிறோம்.

"காப்பீட்டு நிறுவனம் ஒன்றில்
இழப்பீட்டு மனுக்களைத் தானியங்கியாக்கி,
கையால் சரிபார்க்கும் வேலையை
அறுபத்திரண்டு சதவீதம் குறைத்தார்."
எல்லாத் திருத்தங்களுக்கும் தப்பி வந்த வரி இது.
வாடிக்கையாளர்கள் விரல் வைக்கும் வரி.

நாலரைக்குச் சவேரியாள் வந்தாள்,
போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு.
மாசியில் வல்லத்தோடு போன இன்னாசி
நான்காம் நாள் குந்துகாலில் ஒதுங்கினான்.
படகுக் கடனோடு சேர்த்து
வங்கிக்காரர் தலையில் கட்டிய பாலிசி ஒன்று இருந்தது.
"மூணு தடவ போட்டுட்டேன் பிரிசி.
மூணு தடவயும் இதையேதான் சொல்லுது."

பார்த்தேன். அந்த மங்கல் நீலப் பட்டை.
ஓரங்களில் அந்த வளைவு.
மரணம் நிகழ்ந்த இடம்:
வீடு, மருத்துவமனை, சாலை, பணியிடம், மற்றவை.

பூனாவில் ஒரு மதியம், நாற்பது நிமிடத்தில்
அந்த ஐந்தையும் முடித்தோம்.
சமோசா ஆறிக்கொண்டிருந்தது.
ஏதாவது விட்டுப்போயிற்றா என்று கேட்டார் ஒருவர்.
பத்துப் பேர் இருந்த அறையில்
கடலுக்குச் சித்தப்பாவைக் கொடுத்தவள் நான் ஒருத்தி.
இல்லை என்றேன்.

மற்றவையைத் தொட்டவர்கள்
கையால் பார்க்கும் வரிசைக்குப் போவார்கள்.
அந்த வரிசையில் பார்க்க ஆளில்லாமல் செய்ததற்குப் பெயர்தான்
அறுபத்திரண்டு சதவீதம்.

சவேரியாளிடம் சொல்லவில்லை.
கொடு என்று வாங்கினேன்.
மற்றவை. பக்கத்தில் சின்னப் பெட்டி திறந்தது.
விவரம், முப்பது எழுத்துக்குள்.
முப்பதும் என் கணக்குத்தான்.
இன்னாசி என்றால் நமக்கு நாலெழுத்து.
புள்ளி தனி, கால் தனி, மேல்விலங்கு தனி என்று பிரித்து
எந்திரம் ஏழு என்னும்.
அன்றைக்கே தெரியும்.
இங்கிலீஷில்தானே நிரப்பப்போகிறார்கள் என்று விட்டேன்.

"எந்த எடம்னு தெளிவா போடு" என்றாள்.
பாம்பனுக்குத் தெற்கே ஒன்பது மைல்.
அவளுக்கு அது மனப்பாடம்.
தட்டினேன்:

தென்கடல் பாம்பனுக்குத் தெற்கே ஒ

அதற்கு மேல் விழவில்லை.
ஆறாக இன்னும் ஏழு நிமிடம்.
மடிக்கணினியில் இவர் பாதி வாக்கியத்தில் நின்றிருந்தார்.
சவேரியாள் தலையைக் குனிந்து,
என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்து,
"ஏன், நின்னுபோச்சா?" என்றாள்.